நெஞ்சுக்குள் இருந்த தண்ணீர்



இரத்தச்சோகை பற்றிய மிகுதியை இந்த இதழில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த மாதம் வரட்டும். இம்முறை ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

எழுதிய சகோதரி வன்னியில் இருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய தாயும் தகப்பனும் எங்கள் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்தவர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு இங்கிருந்து மூட்டை கட்டிப் போய், வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் அதுவும் ஒன்று. "அம்மா சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்த ஊர் உங்கள் ஊர். அதனால்தான் உங்களிடம் கேட்கத் துணிந்தேன்" என்று கடிதத்தைத் தொடங்குகிறார்.

2009 மாசி மாதம், பதுங்குகுழிக்குள் இவருக்கு இடுப்பு வலி கண்டது. அப்போது எட்டு மாதம். கூட இருந்த இரண்டு வயதான பெண்கள்தான் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. அழுதது. சின்ன உடம்பு, ஆனாலும் கை கால் எல்லாம் நன்றாக இருந்தது. விடியும் முன்னரே மூச்சு வேகமாகிவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகியது. மறுநாள் பின்நேரம் அடங்கிவிட்டது.

"நீ மூச்சைப் பிடித்து முக்கவில்லை. பிள்ளையை வழியில் நிறுத்திவிட்டாய். அவன் உள்ளே இருந்த தண்ணியைக் குடித்துவிட்டான்" என்று அன்றைக்கு ஒருவர் சொன்னாராம். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். பதினைந்து வருடங்களுக்கு மேலாகியும் கோபம் வந்தால் அந்தப் பேச்சு வருகிறதாம். இப்போது இவருடைய மூத்த மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. "மகளுக்கு எப்படி முக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள் அக்கா. அவள் பிள்ளையும் தண்ணீர் குடித்துவிடக் கூடாது" என்று கடிதம் முடிகிறது.

நான் அதை மூன்று தரம் படித்தேன்.

சகோதரி, உங்கள் பிள்ளை நீங்கள் முக்காததால் தண்ணீர் குடிக்கவில்லை. அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து போனதே அல்ல. அதை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்துக்கு வருகிறேன். விளக்கம் கொஞ்சம் நீளம். ஆறுதலுக்காகச் சொல்லப்பட்ட வார்த்தை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக நீட்டித்தான் எழுதுகிறேன்.

என் அப்பாயி லயத்தில் மருத்துவிச்சியாக இருந்தவர். பெரட்டுக்கு ஆள் கூடும் முன்னரே ஏதாவதொரு காம்பராவில் பிள்ளை பிறந்திருக்கும், அப்பாயி அங்கே இருப்பார். பிள்ளையை இரண்டு காலிலும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் தட்டுவார். வாயிலும் மூக்கிலும் இருந்து கொழகொழவென்று நீர் ஒழுகும். "தண்ணி வந்திருச்சு, இனி பயமில்ல" என்பார். அவர் பார்வையில் பிள்ளை என்பது பன்னீர்க்குடத்துக்குள் மூழ்கிக் கிடந்து கரையேறிய ஆள். மூழ்கியவனுக்குச் செய்வதைத்தான் அவர் பிள்ளைக்கும் செய்தார். குறை சொல்ல மாட்டேன். நான் 1980களில் பயிற்சிக்குப் போனபோது வகுப்பில் சொன்னதும் அதற்குப் பெரிய தூரமில்லை. பிறப்பு வழியில் நெஞ்சு நெருக்குப்படும்போது நீர் பிழிந்து வெளியேறுகிறது, பிழியப்படாவிட்டால் தங்கிவிடும் என்று எழுதிப் பாடமாக்கினோம். அந்தப் பாடத்தின் இன்னொரு வடிவம்தான் உங்கள் மாமியார் பேசுவது.

நெருக்குப்படும்போது ஓரளவு நீர் வாய் மூக்கு வழியாக வருவது உண்மைதான். தலை பிறந்ததும் அதை எத்தனையோ தரம் துடைத்திருக்கிறேன். ஆனால் அது முழுக் கதையல்ல. பெரும்பகுதி வேறு வழியாகப் போகிறது.

வயிற்றில் இருக்கும் பிள்ளையின் நுரையீரலுக்குள் காற்று இல்லை, நீர் இருக்கிறது. அது பன்னீர்க்குடத்து நீர் உள்ளே புகுந்தது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1948 இல் பிரான்சில் அல்பிரட் ஜொஸ்ட், பொலிகார்ட் என்ற இருவர், கருவிலிருந்த முயல் குட்டிகளில் மூச்சுவழி அடைபடும்படி செய்து பார்த்தார்கள். வெளி நீர் உள்ளே வர வழியில்லை. அப்படியும் நுரையீரல் வற்றவில்லை, நீர் கட்டி வீங்கியது. நீரை ஊறச் செய்வது நுரையீரலேதான் என்பதற்கு அது சான்றாயிற்று. பிறகு இலண்டனில் லெனார்ட் ஸ்ட்ராங், ஒல்வர் முதலானவர்கள் செம்மறியாட்டுக் கருவில் பல வருடம் வேலை செய்து, அந்த நீரில் என்ன உப்பு எவ்வளவு இருக்கிறது, எப்படி ஊறுகிறது என்பதையெல்லாம் அளந்தார்கள். அதன் உப்புக் கணக்கு பன்னீர்க்குடத்து நீரின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. இரண்டும் வேறு வேறு நீர்.

மாதம் நிறைந்த பிள்ளையின் நெஞ்சில் ஒரு கிலோ நிறைக்கு 20 முதல் 30 மில்லிலீற்றர் வரை நீர் இருக்கும் என்று சொல்லலாம். மூன்று கிலோப் பிள்ளை என்றால், பிளேன்டி குடிக்கும் சின்னக் கோப்பையில் பாதி. அது தேங்கிக் கிடப்பதும் இல்லை. மணிக்கு மணி புதிதாக ஊறி, மூச்சுக்குழாய் வழியே மேலே வந்து, கொஞ்சத்தைப் பிள்ளை விழுங்கும், மிச்சம் பன்னீர்க்குடத்தில் சேரும். மலைப்பாறையில் ஊறிப் பீலியில் விழுகிற தண்ணீர் மாதிரி. பிள்ளை பன்னீர்க்குடத்து நீரைக் குடிப்பதும் உண்மைதான், அது தினமும் நடக்கிறது, ஆனால் அது வயிற்றுக்குப் போகிறது, சிறுநீராகத் திரும்பி வருகிறது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

நெஞ்சில் நீர் இருப்பது நோயுமல்ல. அந்த நீர் உள்ளிருந்து தள்ளுவதால்தான் நுரையீரல் விரிந்து வளர்கிறது. பன்னீர்க்குடம் நெடுநாளாக வற்றிக் கிடந்தால் நுரையீரல் சிறுத்துப் போவதுண்டு. ஒட்சிசன் தொப்புள்கொடி வழியாக வந்துவிடுவதால் பிள்ளைக்கு அதற்குள் மூச்சுத் திணறலும் கிடையாது.

சரி, பிறந்ததும் காற்று வர வேண்டிய இடத்தில் இந்த நீர் என்னாவது? இதில்தான் எனக்கு இன்றைக்கும் வியப்பு.

தேசிக்காய் ஊறுகாய் போடுகிறோம். வெட்டி உப்புப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் ஜாடிக்குள் தண்ணீர் விட்டிருக்கும். நாம் ஊற்றவில்லை, உப்பு இருந்த பக்கம் காயின் நீர் வந்துவிட்டது. நுரையீரலின் உட்தோலும் இந்த வேலையைத்தான் செய்கிறது. பிள்ளை வயிற்றில் இருக்கும் மாதங்களில் அந்தத் தோல் குளோரைட்டை நுரையீரலின் உட்பக்கத்துக்குத் தள்ளுகிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் உள்ளே ஊறுகிறது. பிரசவ வலி வந்ததும் அது திசையை மாற்றிக்கொள்கிறது. உட்தோலில் இருக்கும் மிக நுண்ணிய வாசல்கள் திறந்து, உள்ளே இருக்கும் நீரிலிருந்து சோடியத்தை இழுத்து உடம்பின் பக்கம் அனுப்புகின்றன. நீரும் பின்னாலே போகிறது. காற்றறைகளைச் சுற்றியுள்ள இழையத்துக்குள் போய், அங்கிருந்து இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அதைக் கொண்டுபோய்விடுகின்றன. வாயாலும் வராமல், மூக்காலும் வராமல், நெஞ்சுக்குள்ளேயே வடிகிறது.

அந்த வாசலைத் திறக்கச் சொல்வது யார்? அதிரினலின் என்ற ஓமோன். நாய் துரத்தும்போது நமக்குப் படபடவென்று நெஞ்சடிக்கிறதே, அதைச் செய்கிற அதே சரக்கு. ஒல்வரும் வோல்டர்ஸும் 1978 இல் ஆட்டுக் கருவில் இதைக் காட்டினார்கள். 1983 இல் வெளிவந்த அவர்களுடைய குழுவின் ஆய்வில், மருந்து கொடுக்காமல் தானாக வந்த பிரசவ வலியிலும் அதுவே நடப்பது தெரிந்தது. மாதம் நிறைய நிறைய அதிரினலினுக்கு நுரையீரல் கீழ்ப்படிவது கூடுகிறது, மாதம் குறைந்த குட்டியில் அந்தச் சொல் சரியாகக் கேட்பதில்லை. சுவீடனில் ஹூகோ லாகர்கிரான்ட்ஸ் என்ற வைத்தியர், மனிதக் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்த வகை ஓமோன்களை அளந்தார். வலி கண்டு பிறந்த பிள்ளைகளில் அது, ஓய்வாக இருக்கும் பெரியவர்களைவிடப் பல மடங்கு கூடி இருந்தது. வலியே வராமல் சத்திரசிகிச்சையில் எடுத்த பிள்ளைகளில் குறைவாக இருந்தது.

அந்தச் சோடிய வாசல் இல்லாமல் பிறக்கும்படி செய்யப்பட்ட எலிக்குட்டிகள், நெஞ்சில் நீர் வடியாமல் 40 மணித்தியாலத்துக்குள் இறந்தன என்று 1996 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தாய் எலி முக்கியது, குட்டிகள் வழக்கம்போலத்தான் பிறந்தன. வாசல் இல்லை, அவ்வளவுதான்.

முதல் மூச்சுகளுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்து ஸ்டுவர்ட் ஹூப்பர் குழுவினர், யப்பானிலுள்ள மிகச் சக்தி வாய்ந்த எக்ஸ்றே நிலையமொன்றில், பிறந்த முயல் குட்டிகளின் நெஞ்சைப் படம் பிடித்து 2007 இல் வெளியிட்டார்கள். குட்டி ஒவ்வொரு தரம் மூச்சை இழுக்கும்போதும் காற்று ஒரு படி உள்ளே போகிறது, நீர் ஒரு படி பின்வாங்குகிறது. பிள்ளை பிறந்ததும் வீரிட்டு அழுவதைக் கேட்டு நாம் சிரிக்கிறோமே, அப்போது உள்ளே நடப்பது இதுதான்.

ஆக, பிள்ளையைத் தலைகீழாகப் பிடிக்கத் தேவையில்லை. தட்டத் தேவையில்லை. நீர் தெளிவாக இருந்து, பிள்ளை தானாக மூச்சு விட்டால், குழாய் போட்டு உறிஞ்சவும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2012 இல் சொல்லிவிட்டது. உலர்ந்த துணியால் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். மார்கழி, தை மாதத்து உடப்புசல்லாவைக் குளிரில் இது இன்னும் முக்கியம். குளிர்ந்த பிள்ளைக்கு ஒட்சிசன் கூடத் தேவைப்படும், மூச்சு இன்னும் வேகமாகும். சில இடங்களில் சளி எடுப்பதென்று மூக்கில் எண்ணெய் விடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். எண்ணெய் நெஞ்சுக்குள் போனால் வடியாது. அதற்கு வாசல் இல்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. பிள்ளை உள்ளேயே மலம் கழித்து, பன்னீர்க்குடத்து நீர் பச்சையாகிவிட்டால், அதை நெஞ்சுக்குள் இழுத்துக்கொள்ள இடமுண்டு. அது வேறு நோய். அதுவும் தாய் முக்கினாளா இல்லையா என்று பார்த்து வருவதில்லை. நீர் பச்சையாக உடைந்தால் ஒரு நிமிடமும் வீட்டில் இருக்க வேண்டாம்.

இப்போது என் சொந்தக் குடும்பத்துக் கதை. என் தங்கை மகளுக்கு 2004 இல் முதல் பிள்ளை. சித்திரை மாதத்தில், ஏப்ரல் 30 ஆம் திகதி என்று நாள் குறித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சித்திரையில் தலைப்பிள்ளை பிறப்பது ஆகாது. குடும்பத்துக்கு ஆகாது, தகப்பனுக்கு ஆகாது என்று தொடங்கி, சாத்திரியார் ஒருவரும் சேர்ந்துகொண்டார். பணமிருந்தது. தனியார் வைத்தியசாலையொன்றில் பேசி, வருடப்பிறப்புக்கு முன்பே, ஏப்ரல் 11 இல் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுக்க ஏற்பாடாயிற்று. அப்போது 37 கிழமையும் இரண்டு நாளும். தங்கை என்னிடம் கேட்டாள், "அக்கா, மாதம் நிறைஞ்ச மாதிரித்தானே?" என்று. நிறைந்த மாதிரித்தான் என்று சொன்னேன். சம்பந்தி வீட்டோடு எதற்கு மனஸ்தாபம் என்று நினைத்துச் சொன்னேன். அது என் வாயிலிருந்து வந்த சொல், இன்றைக்கும் உறுத்துகிறது.

பிள்ளை 2 கிலோ 700. நல்ல பிள்ளை. ஒரு மணித்தியாலத்துக்குள் மூச்சு நிமிடத்துக்குத் தொண்ணூறு. மூக்குத் துவாரம் விரிந்து சுருங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்சிசன் விட்டு வைத்தார்கள். மூன்று நாள். தாய்க்குப் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது, பிள்ளை பக்கத்தில் இல்லை. மூச்சு அவ்வளவு வேகமாக இருக்கும்போது வாயால் பால் கொடுத்தால் புரையேறும் என்பதால் கொடுக்கவும் விடவில்லை. நான் பாலைப் பிழிந்து கொடுத்துவிட்டு வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் மூச்சு ஐம்பதுக்கு இறங்கியது. அன்றைக்குச் சித்திரை முதலாம் திகதி தாண்டியிருந்தது. சம்பந்தியம்மா சர்க்கரைப் பொங்கலோடு வந்து, "நல்ல நேரத்தில் பிறந்ததால் தப்பிச்சான்" என்றார். நான் பேசவில்லை.

அந்தப் பிள்ளைக்கு வந்ததைத்தான் ஈர நுரையீரல் என்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் மேரி எலன் ஏவரி 1966 இல் இதைத் தனி நோயாக எடுத்து எழுதினார். நுரையீரல் நீரை வடிப்பதில் பிந்திவிடுவதால் வருவது என்றார். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகத் தீரும். (இந்த அம்மையாருக்கு இளவயதில் காசநோய் வந்து படுத்தபடுக்கையாக இருந்ததால்தான் நுரையீரல் மீது நாட்டம் வந்ததாம்.)

2008 இல் டென்மார்க்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஏறத்தாழ 34 ஆயிரம் பிறப்புகளைக் கணக்கெடுத்திருந்தார்கள். 37 கிழமையில், வலி வரும் முன் நாள் குறித்துச் சத்திரசிகிச்சை செய்து எடுத்த பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மூச்சுக் கோளாறு. அதே 37 கிழமையில் மற்ற வகையில் பிறந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. 39 கிழமைக்கு வரும்போது இரண்டுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. தங்கை கேட்டபோது இந்தக் கணக்கு என் கையில் இல்லை. ஆனால் இத்தனை வருடம் பிரசவ விடுதியில் நின்ற எனக்கு, சீக்கிரம் எடுத்த பிள்ளை முனகும் என்பது தெரியாததா?

இதை வாசித்துவிட்டு யாரும் சத்திரசிகிச்சை வேண்டாம் என்று வைத்தியரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நஞ்சுக்கொடி வழியை அடைத்திருந்தால், பிள்ளை குறுக்கே கிடந்தால், பிரஷர் ஏறினால், அது 37 கிழமையானாலும் 32 கிழமையானாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும், அப்போது அதுதான் உயிர். நான் சொல்வது நாள் நட்சத்திரத்துக்காகவும், வெளிநாட்டிலிருந்து வந்த கணவரின் லீவு முடிவதற்காகவும் குறிக்கப்படும் திகதிகளை. நோய்க் காரணம் எதுவும் இல்லையென்றால் 39 கிழமை முடியும் வரை பொறுக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்குத் திரும்ப வருகிறேன்.

உங்கள் மகன் எதனால் இறந்தான் என்று இன்றைக்கு இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. கிருமித்தொற்றாக இருந்திருக்கலாம், வேறெதுவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் எட்டு மாதம், சின்ன உடம்பு, வேக மூச்சு, முனகல் என்று நீங்கள் எழுதியிருப்பது, மாதம் குறைந்த நுரையீரலின் அடையாளங்கள். எட்டு மாதப் பிள்ளைக்கு நான் மேலே சொன்ன வாசல்கள் போதியளவு இருப்பதில்லை. அதோடு இன்னொன்றும் குறைவு. காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகாமல் காக்கும் ஒரு வழுவழுப்பான பொருள் நுரையீரலில் சுரக்க வேண்டும். அது கடைசி மாதங்களில்தான் நிறையச் சுரக்கிறது. அது இல்லாததால்தான் மாதம் குறைந்த பிள்ளைகள் இறக்கின்றன என்று 1959 இல் கண்டு சொன்னவரும், தன் தோழர் ஜியர் மீட் என்பவரோடு, அதே ஏவரி அம்மையார்தான். 1963 இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரைக் கிழமை முன்னதாகப் பிறந்து, இதே நோயால் இரண்டு நாள்கூட முழுதாக இருக்காமல் இறந்தான். அதற்கு அந்த நாட்டின் முதல் பெண்மணிதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

எட்டு மாதத்தில் வலி கண்டால் இன்று என்ன செய்கிறோம்? நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு வைத்தியர்கள் 1972 இல் காட்டிய வழி: தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போட வேண்டும். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போய், அந்த வழுவழுப்பையும் கூட்டும், நீர் வடிக்கும் வாசல்களையும் கூட்டும். பிறந்த பிறகு சூடு, ஒட்சிசன், மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்று. அன்றைக்கு உங்களுக்கு இவற்றில் எது இருந்தது? பதுங்குகுழிக்குள் எழும்பி உட்காரவே இடமிருந்திருக்காது. நீங்கள் முக்கிய முக்கலில் குறை இருக்கவில்லை. ஊசியும் ஒட்சிசனும் இல்லாத இடத்தில், நேரத்துக்கு முந்திப் பிறந்த பிள்ளை அவன்.

முக்குவது பற்றி மகளுக்கு நான் தனியாகச் சொல்லிக்கொடுக்க எதுவுமில்லை. வலி வரும்போது உடம்பே சொல்லும், பக்கத்தில் நிற்கும் மருத்துவமாது மிச்சத்தைச் சொல்வார். வேண்டுமானால் வேறு சிலவற்றைச் சொல்லிக்கொடுங்கள்.

மாதம் நிறையும் முன் வயிறு இறுகி இறுகி விட்டால், நீர் கசிந்தால், இரத்தம் பட்டால், விடியட்டும் என்று இருக்காமல் போக வேண்டும். ஊசி வேலை செய்ய நேரம் தேவை. ஒரு நாள் கிடைத்தாலே பெரிய வித்தியாசம். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. எங்கள் காலத்தில் இங்கே கொழுந்து லொறிதான். இராகலை, கந்தப்பளை என்று வளைந்து வளைந்து நுவரெலியாவுக்குப் போய்ச் சேரும்போது சில பிள்ளைகள் லொறியிலேயே பிறந்திருக்கும்.

பிள்ளையின் மூச்சை எண்ணவும் சொல்லிக்கொடுங்கள். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி வயிற்றைப் பார்க்க வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. மணிக்கூட்டைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் நாலு மூச்சு வேகமாக விட்டுச் சற்று நிறுத்தும், கணக்குத் தப்பிவிடும். நாற்பது, ஐம்பது என்றால் வழக்கமானது. அறுபதோ அதற்கு மேலோ வந்தால் இன்னொரு தரம் எண்ண வேண்டும். மறுபடியும் அப்படியே என்றால் வைத்தியசாலைக்கு. நெஞ்சுக்குழி உள்ளே இழுபட்டாலோ, முனகினாலோ, உதடு நீலித்தாலோ எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போகும் வழியில் பிள்ளை தாயின் நெஞ்சோடு ஒட்டி, சூட்டில் இருக்க வேண்டும்.

பிறந்ததும் பிள்ளையைத் தனியாக எடுத்துக் கொண்டுபோய்விட்டால் மகள் பயப்படுவாள். ஏன் என்று கேட்கச் சொல்லுங்கள். மூச்சு வேகமென்றால் பெரும்பாலும் அந்த ஈர நுரையீரல்தான், இரண்டு மூன்று நாள் காவல். அதற்குள் பாலைப் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தால் மார்பும் கட்டாது, பிள்ளைக்கும் குழாய் வழியே அதையே கொடுப்பார்கள்.

கடைசியாக ஒரு விடயம். கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒன்று எழுதியிருந்தீர்கள். யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் மாமியார் முந்திக்கொண்டு இரண்டு என்று சொல்வாராம், நீங்கள் மறுத்துப் பேசுவதில்லையாம். மகளின் அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். மாதம் முந்திப் பிறந்த பிள்ளை அந்தக் குடும்பத்தில் ஒன்று இருந்தது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டிய விடயம். மருத்துவமாது கேட்கும்போது சொல்லுங்கள்: எனக்கு மூன்று பிரசவம், ஒன்று எட்டு மாதத்தில், 2009 மாசியில், ஆண், ஒரு நாள் இருந்தான். அவர் அதை எழுதிக்கொள்வார்.